சித்திரகுப்தனுக்கு ஒரு நகல்

வாஞ்சிநாதனுக்குச் சித்திரகுப்தன் மேல் நம்பிக்கை போதாது. சித்திரகுப்தன் இருக்கிறான் என்பதில் சந்தேகமே இல்லை. எமதர்மன் சபையில் உட்கார்ந்து ஒவ்வொரு உயிரின் பாவ புண்ணியத்தையும் எழுதுகிறான், செத்துப் போய் நிற்கிறவனிடம் அதைப் படித்துக் காட்டுகிறான், அதன்படி தீர்ப்பாகிறது. இதையெல்லாம் அவர் மனதார நம்பினார். எழுதுவதைச் சரியாக எழுதுகிறானா என்பதில்தான் சந்தேகம். காரணம், அவரும் ஒரு குமாஸ்தா.

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகும் சுக்கும் கப்பலேற்றும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. எந்த மூட்டை எந்தத் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பார். அதைப் பார்த்துக் கிட்டங்கியில் மூட்டைகளின் மேல் மையால் குறி போடுவார்கள். அடுத்தவன் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதில் அவருக்கு இணை கிடையாது. தன் பிழையைக் கண்டுபிடிப்பதில் மட்டும் அவ்வளவு சாமர்த்தியம் போதாது என்று, பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவரே சொல்லிக்கொள்வார்.

1955ஆம் வருஷம் சித்ரா பௌர்ணமிக்குப் பாலக்காட்டிலிருந்து ஒரு பௌராணிகர் வந்திருந்தார். மட்டாஞ்சேரித் தமிழ் பிராமணக் குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்த மண்டபத்தில், "மனதில் நினைத்ததைக்கூட விடமாட்டான், எழுதிவிடுவான்" என்று அவர் சொன்னபோது எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வாஞ்சிநாதன் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வேறு யோசனையில் இருந்தார். உலகம் முழுவதற்கும் எழுத ஒரே ஆள். எழுதியதைச் சரிபார்க்க இன்னொருவர் இல்லை. நகலும் இல்லை. இது எந்த ஊர் ஏற்பாடு?

மறுநாளே கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தார். சித்திரகுப்தன் ஏதாவது விட்டுவிட்டால் எடுத்துக் காட்ட வேண்டுமல்லவா? முதல் பன்னிரண்டு பக்கங்களில், நினைவு தெரிந்த நாள்முதல் தான் செய்த நல்ல காரியங்களை எழுதினார். பிறகு தினமும் சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு அன்றைய பதிவு. "எதிரே வந்த பாதிரியாருக்கு மழையில் ஒதுங்கி வழிவிட்டேன்." "சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. ஒன்றும் சொல்லவில்லை." இந்தக் கடைசி வரியை எழுதியது, உப்பைப் பற்றி மனைவியிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்த பிறகு.

பாவத்தையும் எழுதினார்; நேர்மையான மனிதர். புண்ணியத்தைப் பேனாவால் எழுதினார், பாவத்தைப் பென்சிலால். பாவத்துக்குப் பிராயச்சித்தம் உண்டு, ஆகையால் அது தற்காலிகம்தான் என்பது அவர் கட்சி. பென்சிலோடு ஒரு ரப்பரும் வைத்திருந்தார்.

ஒன்பது வருஷத்தில் ஏழு நோட்டுகள் ஆயின.

1964 ஜூனில், இடவப்பாதி மழையில் அவருக்கு டைபாய்டு வந்தது. மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, தனக்கு முடிவு வந்துவிட்டது என்று அவர் தீர்மானித்தார். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் எழுதுவதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மனைவி கனகாம்பாளைக் கூப்பிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து நோட்டுகளை எடுக்கச் சொன்னார்.

"படி. கேட்டுண்டே கண்ணை மூடறேன்."

கனகாம்பாளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கையில் கிடைத்த நோட்டைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க ஆரம்பித்தாள். நாலு வரி தாண்டவில்லை.

"ஏன்னா, இதென்னவாக்கும்? 'கொச்சு மாமிக்கு மழையில் மருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.' நீங்களா கொண்டுபோனேள்?"

"ஆமாம்."

"நானாக்கும் கொண்டுபோனது. நீங்க வாசல்ல குடையைத் தேடிண்டு நின்னேள்."

"குடையைத் தேடினது உனக்காகத்தானே?"

"அப்படீன்னா குடை தேடினேன்னு எழுதணும்."

அடுத்த பக்கம். "'அப்புவை மன்னித்தேன்.' எந்த அப்பு? பால்காரனா? அவன் என்ன தப்புப் பண்ணினான்?"

"ஓர்மையில்லை."

"தப்பு ஓர்மையில்லை, மன்னிச்சது மட்டும் ஓர்மை இருக்கோ? பேஷ்!"

இப்படியே நாலு மணிவரை நடந்தது. வாஞ்சிநாதனின் புண்ணியங்களில் பாதி கனகாம்பாள் பெயருக்கு மாறிவிட்டது. மீதியில் பாதியை அவள் புண்ணியம் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. "ரோட்டுல கெடந்த வாழைப்பழத் தோலைக் காலால தள்ளிவிட்டேன்னு எழுதி வச்சிருக்கேளே, இதையா அங்கே போய்ப் படிச்சுக் காட்டப்போறேள்? வெறுதே சிரிப்பா." கோபத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அன்றைக்குத்தான் ஜுரம் இறங்கத் தொடங்கியது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

கடைசியாக அவள் முதல் நோட்டின் நடுவில் ஒரு பக்கத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"இங்கே என்னமோ எழுதி மாய்ச்சிருக்கே."

"விடு. மதி, போதும். நாளைக்குப் படிக்கலாம்."

"ரப்பரால மாய்ச்சாலும் அழுத்தி எழுதின தடம் போகலையே." அவள் எழுத்துக் கூட்டினாள். "ஏ... ட... ன். நாற்பது மூட்டை. ஒச்... ச... ப்பன்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். "ஒச்சப்பன்னா, உங்க ஆபீஸ்ல மூட்டைச் சொமடு எடுத்துண்டிருந்தவனா? உசிலம்பட்டிக்காரன்? அவனை ஏன் மாய்ச்சேள்?"

சாகப் போகிறவன் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று வாஞ்சிநாதன் சொல்லிவிட்டார். பௌராணிகர் வந்த அதே சித்திரையில், ஏடனுக்குப் போக வேண்டிய நாற்பது மூட்டைச் சுக்கு கராச்சிக்குக் கப்பலேறிவிட்டது. சீட்டில் துறைமுகத்தின் பெயரை மாற்றி எழுதியது அவர். மானேஜர் கேட்டபோது, அடுக்கைக் கலைத்து மூட்டைகளை மாற்றி வைத்தது சுமட்டுக்காரன் ஒச்சப்பன்தான் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே ஒச்சப்பனுக்கு வேலை போயிற்று. அதை ஒருநாள் நோட்டில் பென்சிலால் எழுதினார். எழுதியதைப் பார்க்கச் சகிக்காமல் ரப்பரை எடுத்தார். சித்திரகுப்தன் தப்பாக எழுதிவிடுவானோ என்ற பயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது கனகாம்பாளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவள் நோட்டை மூடி மடியில் வைத்தாள். மழை நின்று, ஓட்டிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது.

"அவனுக்கு ஒரு சின்னப் பெண்குழந்தை இருந்ததே," என்றாள் கடைசியில். பிறகு எழுந்து கஞ்சியைக் கொண்டு வந்து வைத்தாள். "நீங்க இப்போ சாக வேண்டாம். இதைக் குடிச்சுட்டு, தேறி எழுந்து, அவனைப் போய்ப் பாருங்கோ. அதுக்கப்பறம் உங்க இஷ்டம்."

தேறி எழுந்திருக்க ஒரு மாதம் பிடித்தது. ஒச்சப்பன் எங்கே இருக்கிறான் என்று கிட்டங்கியில் செல்லதுரையிடம் விசாரித்தார். செல்லதுரை பழைய சுமட்டுக்காரன். நாலு எழுத்துப் படித்தவன். கும்பளங்கியில் இறால் வயலுக்கு மடை திறந்து அடைக்கிற வேலையில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, எதற்கு என்று கேட்காமலே ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அப்போது அவருக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடு புறப்பட்டார். பெரும்படப்புவரை பஸ், அப்புறம் வள்ளம். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். நல்ல தமிழில், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுவரை தயார். ஒச்சப்பன் கண்கலங்கிக் காலில் விழ வருவான், அதைத் தடுக்க வேண்டும் என்றுகூட நினைத்து வைத்திருந்தார். அன்றைய சாயங்காலப் பதிவின் வாசகமும் தயாராகிவிட்டது: "நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன்." பேனாவால்.

வள்ளத்திலிருந்து இறங்கும்போது இடது கால் சேற்றில் முழங்கால்வரை போயிற்று. காலை இழுத்தார், வந்தது. செருப்பு வரவில்லை. ஒற்றைச் செருப்போடும் ஒரு கால் கறுப்பாகவும் அவர் ஒச்சப்பன் வீட்டு முற்றத்தில் போய் நின்றபோது, ஒச்சப்பனின் மனைவி ஒச்சம்மாள் யாரோ பிச்சைக்கு வந்திருப்பதாக நினைத்து உள்ளே அரிசி எடுக்கப் போய்விட்டாள்.

ஒச்சப்பன் வெளியே வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அட, குமாஸ்தா அய்யா! வாங்க. என்னது இந்தக் கோலம்?"

கால் கழுவத் தண்ணீர் கொடுத்தான். பெஞ்சில் உட்காரவைத்து, கட்டன் சாயா வரவழைத்தான். வாஞ்சிநாதன் ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்துபோனார். ஒச்சப்பனை 'டா' போட்டே பழகிய நாக்கு 'நீங்கள்' என்று சொல்ல முயன்று இடையில் சிக்கிக்கொண்டது.

"ஒச்சப்பா, நீ... நீங்க... அந்த ஏடன் சரக்கு விஷயம். கராச்சிக்குப் போச்சே. அது உங்க தப்பில்லை. சீட்டை மாத்தி எழுதினது நானாக்கும்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தார். ஒச்சப்பன் சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"அது தெரிஞ்சதுதானேய்யா," என்றான்.

"தெரியுமா?"

"கிட்டங்கியில அம்புட்டுப் பேருக்கும் தெரியும். சீட்டு ஒங்க கையெழுத்துல இருந்துச்சுல்ல? செல்லதுரை அன்னைக்கே படிச்சுச் சொல்லிட்டான்."

"பின்னே ஏன் மானேஜர்கிட்டே சொல்லலை?"

"சொன்னா? குமாஸ்தா அய்யா பேச்சு எடுபடுமா, சொமடு தூக்கறவன் பேச்சு எடுபடுமா? ரெண்டு மாசம் கஞ்சிக்குச் சிங்கியடிச்சோம். அதுக்கப்புறம் இங்கிட்டு வந்துட்டேன். முதுகு தப்பிச்சுது." சாயாவை ஒரு வாய் குடித்தான். "அது ஒங்க பாவம். நீங்களே வச்சுக்கிருங்க. அதைத் தூக்கிச் சொமக்க எனக்கு நேரமில்ல."

ஒன்பது வருஷம் ரப்பரால் தேய்த்து, மறைத்து, பயந்து வளர்த்த ரகசியம், கிட்டங்கிப் பையன்கள்வரை தெரிந்த சங்கதி. வாஞ்சிநாதனுக்கு நேந்திரம்பழச் சீப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஒங்க மேல எனக்குக் கோவம் உண்டு," என்றான் ஒச்சப்பன். குரல் அப்போதுதான் மாறியது. "அது வேற."

"வேறயா? வேற என்ன?"

"எம்மவளைப் பள்ளிக்கொடத்துல சேக்கறதுக்குப் பாரம் எழுதித் தரச் சொல்லி ஒங்ககிட்ட கூட்டிட்டு வந்தேனே, அம்பத்தி மூணுல. ஞாபகம் இருக்கா? பேரு மாடத்தின்னேன். மூணு தடவ சொன்னேன். நீங்களும் தலைய ஆட்டிக்கிட்டே எழுதுனீங்க. என்ன எழுதுனீங்க?"

வாஞ்சிநாதனுக்கு நினைவு வந்தது. மாலதி என்று எழுதியிருந்தார். மாடத்தி என்று கூப்பிட்டால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள், குழந்தைக்கு ஒரு நல்ல பெயராக இருக்கட்டும் என்று அவராகவே எழுதியது. பாரம் மலையாளத்தில் இருந்ததால் ஒச்சப்பனால் படிக்க முடியாது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. முதல் நோட்டின் முதல் பன்னிரண்டு பக்கங்களில் அது இருந்தது. பேனாவால். அடிக்கோடு வேறு. "ஓர் ஏழைப் பெண்குழந்தைக்கு நல்ல பெயர் தந்தேன்."

"வாத்தியாரம்மா மாலதி, மாலதின்னு கூப்புட்டிருக்காக. இது யாரையோன்னு பேசாம ஒக்காந்திருக்கு. ஒரு வாரம் பள்ளிக்கொடத்துக்குள்ளயே இருந்த புள்ளைய வரலைன்னு எழுதிட்டாக. ஒங்ககிட்ட ஓடியாந்து கேட்டேன். நீங்க எழுதுன தாள்லருந்து நிமிந்துகூடப் பாக்கல. 'நல்ல பேர்தாண்டா, வச்சுக்கோ, போ'ன்னீங்க."

இது மட்டும் வாஞ்சிநாதனுக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. பேனாவிலும் இல்லை, பென்சிலிலும் இல்லை.

"மாடத்தி எங்க அக்கா பேருய்யா. ஆத்தா செத்தப்புறம் என்னைத் தூக்கி வளத்தவ. அவ போனப்புறம் எம் மகளுக்கு அவ பேரை வச்சேன். ஏட்டுல எழுதுற பேருதானே மேல போகும்? நாளைக்கு அங்க சித்திரபுத்திர நயினார் ஏட்டைப் பிரிச்சு மாலதின்னு கூப்புட்டா, எங்கக்கா எப்படித் தெரிஞ்சுக்குவா, வந்திருக்கிறது தன் மருமக மொறையில ஒரு புள்ளைன்னு? காத்துக்கிட்டே நிப்பா."

ஒச்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வயல் பக்கம் பார்த்தான். வாஞ்சிநாதன் குனிந்தார். மடியிலிருந்த பழச்சீப்பின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வேர்வை என்று நினைத்துத் துடைத்தார்.

கொஞ்சம் ஆசுவாசமானதும் அவருக்குள் இருந்த குமாஸ்தா விழித்துக்கொண்டான். "மாத்திடலாம்!" என்றார். "அதுக்கு வழி உண்டு. ஹெட்மாஸ்டருக்கு ஒரு மனு, ரெண்டு சாக்ஷி, அப்புறம் கெசட்டிலே போடணும். எல்லாம் நான் பார்த்துக்கறேன். நாளைக்கே எழுதறேன்."

"நாளைக்கே எழுதுங்க," என்றான் ஒச்சப்பன்.

"நில்லுங்க ரெண்டு பேரும்."

உள்ளேயிருந்து பெண் வந்தாள். பதினாறு வயசு. பத்தாம் கிளாஸ் பாஸாகி, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முதல்ல ஸார் மாத்தினாரு. இப்போ ஸாரும் அப்பாவும் சேர்ந்து மாத்தப் போறீங்க. என்கிட்ட யாராச்சும் சோதிச்சீங்களா?"

சோதிப்பது என்றால் மலையாளத்தில் கேட்பது. ஒச்சப்பன் தலையைச் சொறிந்தான். வாஞ்சிநாதன் எழுந்து நின்றுவிட்டார், மானேஜர் முன்னால் நிற்பது போல.

"பதினொரு வருஷம் அந்தப் பேர்ல பரீட்சை எழுதியிருக்கேன். வீட்டுல கூப்பிட்டா ஒரு ஆளு, ஸ்கூல்ல கூப்பிட்டா இன்னொரு ஆளு. ரெண்டுல எது வேணும்னு நான் ஆலோசிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் ஒன்னும் எழுத வேண்டாம்." சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்து நழுவப்போன பழச்சீப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது ஒச்சப்பன் தன் பழைய செருப்பு ஒன்றைக் கொடுத்தான். ஒன்றுக்கொன்று ஜோடியில்லாத செருப்புகளோடு வாஞ்சிநாதன் வீடு வந்து சேர்ந்தார். நடந்ததையெல்லாம் கனகாம்பாளிடம் சொன்னார். தான் அழகாகத் தெரியும்படி ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை, சேர்க்க இடமும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அந்தப் பொண்ணு மிடுக்கியாக்கும், கெட்டிக்காரி," என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் காப்பி குடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓணத்துக்கு முந்தின வாரம் ஒச்சப்பனின் மகள் வந்தாள். தனியாக, படகேறி, ஒரு காகித உறையை மார்போடு அணைத்துக்கொண்டு. வாஞ்சிநாதனே போய்க் கதவைத் திறந்தார்.

"வா... வாங்கோ. உள்ளே வாங்கோ."

"மனு கொண்டு வந்திருக்கேன் ஸார். சாக்ஷிக்கு ஒரு ஒப்பு மதி, ஒரு கையெழுத்துதான்."

மலையாளத்தில் அவளே முத்து முத்தாக எழுதியிருந்தாள். தன் பெயரை மாடத்தி என்று திருத்த வேண்டும் என்று கேட்டிருந்தாள். வாஞ்சிநாதன் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "அத்தையை நினைச்சுத்தானே அம்மா?"

"அதுவும் உண்டு," என்றாள் அவள். "ஆனா டிரெயினிங் ஸ்கூல்ல எங்க கிளாஸ்ல மாலதி நாலு பேர் ஸார். மாலதின்னு கூப்பிட்டா நாலு பேரும் எழுந்து நிக்கறோம். மாடத்தி நான் ஒருத்திதான்."

கனகாம்பாள் சமையலறை வாசலில் நின்று சிரித்தாள்.

வாஞ்சிநாதன் மனுவை ஒரு தடவை படித்தார். மூன்றாவது வரியில் ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டால் நன்றாக இருக்கும் என்று விரல் துறுதுறுத்தது. கனகாம்பாள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, பேனாவைத் திறந்து, உதறி, இருபத்தாறு வருஷ அனுபவம் முழுவதையும் கூட்டி அழகாக, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து பார்த்தார். பெண்ணின் முகம் ஒரு மாதிரி இருந்தது. குனிந்து மறுபடி பார்த்தார். மனுதாரர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், 'வாஞ்சிநாதன்' என்று இருந்தது.

"ஐயோ," என்றார்.

"சாரமில்லை ஸார், போகட்டும்." மாடத்தி உறைக்குள் கைவிட்டு இன்னொரு தாளை எடுத்தாள். அதே மனு, அதே முத்து முத்தான எழுத்து. "ரெண்டு எழுதிக் கொண்டு போன்னு அப்பா சொன்னாங்க."

அவள் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் அவர் இரண்டாவது தடவை கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷம் மகர மாதத்தில் கெசட்டில் பெயர் வந்தது, ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல்.